செறிவூட்டிய அரிசி நமக்கு, செறிவூட்டிய கணக்கு யாருக்கு?

ஐந்து வயதில் அபாகஸ். ஏழு வயதில் வேத கணிதம். ஒன்பது வயதில் ஒலிம்பியாட் பயிற்சி. பத்து வயதுக்கு மேல் இணைய வகுப்பு: திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர், இந்தப் பக்கம் நாலே நாலு பிள்ளைகள், வாரம் இரண்டு மாலை, பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்குகள். இதற்குக் ‘கணிதச் செறிவூட்டல் வகுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செறிவூட்டல் என்கிற சொல் நமக்கொன்றும் புதிதில்லை. ரேஷன் கடையில் நமக்குப் போட்ட அரிசிக்கும் அதே பெயர்தான். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த மணிகளைக் கலந்து, செறிவூட்டப்பட்ட அரிசி என்று மூட்டையில் அச்சடித்து அனுப்பினார்கள். நமக்கு வயிற்றில் செறிவூட்டல், அவர்களுக்கு மூளையில்.

தலித் இதழில் டியூஷன் பற்றி என்ன தலையங்கம் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்த பிள்ளைகளை இன்னமும் வெட்டிப் போடுகிறார்கள். பஞ்சமி நிலம் மீளவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய நம் ஆட்கள் மூச்சு முட்டிச் சாகிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கணக்கு வகுப்பா? இதையெல்லாம் விடவில்லை தோழர்களே. ஆனால் அடுத்த முப்பது வருசத்துக்கு யார் தொட்டிக்குள் இறங்குவது, யார் தொட்டிக்கு வரைபடம் போடுவது என்பதை இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு திரையின் முன்னால் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நம் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்குக்கு ஒரு முறை உண்டு. வாத்தியார் வழியைச் சொல்லுவார், ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுவார், அதே மாதிரி பத்துக் கணக்கை நாம் போட வேண்டும். எண் மாறும், வழி மாறாது. செறிவூட்டல் வகுப்பில் இதைத் தலைகீழாக்குகிறார்கள். வழியைச் சொல்லாமல் கணக்கை மட்டும் கொடுக்கிறார்கள். பிள்ளை அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டும். தப்பாகப் போகும், திரும்பி வரும், படம் போடும், சின்ன எண்ணை வைத்துப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையோடு வாதாடும். தப்பு செய்தால் யாரும் அடிப்பதில்லை. ‘ஏன் அப்படி நினைச்சே?’ என்று கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டே இருந்தால், பதினெட்டு வயதில் நுழைவுத் தேர்வில் முன்பின் பார்க்காத கணக்கு வரும்போது அந்தப் பிள்ளை பதறாது. அந்தப் பதறாமைக்குத்தான் பிறகு ‘மெரிட்’ என்று பெயர் சூட்டுகிறார்கள். பிறவியிலேயே வந்த அறிவு என்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டி வாங்கிய சரக்கு என்பதைச் சொல்லமாட்டார்கள்.

1953ல் ராஜாஜி குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார். அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். தமிழ்நாடே கொதித்தது. 1954ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இன்றைக்கு அப்படி ஒரு அரசாணை யாரும் போட வேண்டிய அவசியமே இல்லை. நாலு மணிக்குப் பள்ளி மணி அடித்த பிறகு இருக்கிற நேரமே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறது. ஒரு பிள்ளை ஆறு மணிக்குத் திரையின் முன் உட்காருகிறது. இன்னொரு பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் குடம் போட்டு நிற்கிறது, இல்லையென்றால் ஆத்தாளோடு பூக் கட்டுகிறது, பீடி சுற்றுகிறது. மாலை நேரத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. இடஒதுக்கீடும் இல்லை.

கொரோனா காலத்தில் இணையம் எல்லாரையும் சமமாக்கிவிடும் என்று ஒரு கூட்டம் பேசியது. 2021 ஆகஸ்டில் ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 1,400 பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். கிராமப்புறத்தில் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையத்தில் படித்தவர்கள் 4 விழுக்காடு. அதே கிராமங்களில் மற்ற பிள்ளைகளில் 15 விழுக்காடு. மற்றவர்களும் ஏழைகள்தான், அந்த ஏழ்மைக்குள்ளேயும் ஊர் வேறு, சேரி வேறாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருசம், 2020 ஜூன் 1 அன்று, கேரளத்தில் இணைய வகுப்புகள் தொடங்கிய முதல் நாளே, மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி இறந்துபோனாள். வீட்டில் டிவி பழுது, செல்போன் இல்லை. கட்டாய வகுப்புக்கே இந்த நிலை என்றால் கூடுதல் வகுப்புக்கு என்ன நிலை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. கணக்கென்றால் அவளுக்கு உயிர். பேருந்து டிக்கெட் எண்ணைக் கூட்டி, பெருக்கி, ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். ‘இலவச மாதிரி வகுப்பு’ என்று செல்போனில் விளம்பரம் பார்த்து அவளே பதிவு செய்துவிட்டாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் கட்டாயம் கூட உட்கார வேண்டும் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை, அன்றைக்கு ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்க ஆங்கிலம். அப்படியும் பிள்ளை கேட்ட நாலு கேள்வியில் மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள். ‘எக்ஸலண்ட்’ என்றது திரை. அதன் பிறகு இன்னொருவர் வந்தார். தமிழில்தான் பேசினார். ‘எந்த ஏரியாவுல இருக்கீங்க? சொந்த வீடா? சார் என்ன பண்றார்?’ வருசத்துக்கு நாற்பத்தெட்டாயிரம், தவணையிலும் கட்டலாம் என்றார். அக்கா ஏரியா பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். ‘ஓகே மேடம், திரும்பக் கூப்பிடுறோம்’ என்று வைத்தவர்தான். பிள்ளை ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ‘மூணு சரியாச் சொன்னேனே மாமா, ஏன் கூப்பிடல?’ என்று கேட்டாள். ஏரியா எங்கே என்று கேட்கிற கேள்விக்குப் பின்னால் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று இந்த இதழ் வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் பாதி வேலை சுலபம். கணக்கு எங்களுடையது, உங்களுக்கு வராது என்கிற ஒரு புனைவு நம் மண்ணில் நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்டு வந்திருக்கிறது. நம் கிராமங்களில் கணக்கு என்பது ஒரு பாடத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. ஒரு ஆளின் அதிகாரத்துக்கே அந்தப் பெயர்தான் இருந்தது: கணக்குப்பிள்ளை, கர்ணம். வெயிலில் சங்கிலி பிடித்து வயலை அளக்க நம்மை நடக்கவிட்டார்கள். அளந்ததை எழுதுகிற ஏடு அவர் மடியில் இருந்தது. எந்த நிலம் யார் பெயரில், எவ்வளவு விளைச்சல், எவ்வளவு வரி என்பதெல்லாம் அவர் எழுதியதுதான் எழுத்து. குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. களத்தில் கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க வேறொரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி என் அப்பாயி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதி அழுகை. அவளுக்கு எழுதத் தெரியாது, ஆனால் மரக்காலின் அடியில் எவ்வளவு குறைகிறது என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். அளந்ததைச் சொல்லத்தான் முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்களே, அதன் பின்னால் இருந்ததும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கணக்குத்தான்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் படித்தபோது நடந்ததைத் தனஞ்செய் கீர் அவரது வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் ஒரு கணக்கைப் போடச் சொல்லிக் கரும்பலகைக்கு அழைக்கிறார். சிறுவன் எழுந்து நடக்கிறான். வகுப்பே அலறுகிறது. கரும்பலகைக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள் தங்கள் சோற்று டப்பாக்களை வைத்திருக்கிறார்கள், தீட்டுப் பட்டுவிடும். அவன் பலகையைத் தொடும் முன்பு ஓடிப்போய் டப்பாக்களை எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் போடுவது பாவமில்லை, கணக்குப் போட அவன் பலகைக்கு நெருங்கி வருவதுதான் பாவம். இன்றைய பலகை கண்ணாடியாகிவிட்டது. டப்பாக்கள் இன்னமும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

‘வேத கணிதம்’ என்கிற சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செறிவூட்டல் சந்தையில் இது நன்றாக விலைபோகிறது. பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் இறந்த பிறகு 1965ல் வெளியான புத்தகம்தான் இதன் மூலம். அதில் சொல்லப்படும் 16 சூத்திரங்களும் கிடைத்திருக்கிற எந்த வேதப் பிரதியிலும் இல்லை. கணிதவியலாளர் எஸ்.ஜி.தானி 1993லேயே ஃபிரண்ட்லைன் இதழில் இதை விரிவாக உடைத்துக் காட்டிவிட்டார். உள்ளே இருப்பது பெரும்பாலும் வேகமாகப் பெருக்க, வகுக்கச் சில குறுக்குவழிகள். குறுக்குவழிகள் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் மேல் ‘வேதம்’ என்று எதற்கு ஒட்ட வேண்டும்? காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மத்தின் பெயரை, பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல் ஒட்டி, நம் பிள்ளைகளிடமே காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். நம் காலனியிலும் இரண்டு பேர் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்.

இராமானுஜன் விசயத்துக்கு வருகிறேன். அவருடைய கணிதத்தின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் அவர் கதையை நமக்குச் சொல்லிக்கொடுக்கிற விதம் இருக்கிறதே, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் கொடுத்தார் என்று, அதில்தான் தந்திரம். கனவை எடுத்துவிட்டு உண்மையைப் பாருங்கள். அவர் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கும்பகோணத்தில் உதவித்தொகை பறிபோனது, பச்சையப்பனிலும் தேறவில்லை. தோற்ற பிறகு என்ன ஆனது? நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் திறந்து பார்க்க ஆட்கள் இருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய டெபுடி கலெக்டர் ராமசாமி அய்யர் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போனது. அந்த மனிதர்கள் செய்தது நல்ல காரியம். அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. அதே வருசங்களில் தஞ்சாவூர்ப் பண்ணையில் ஒரு பண்ணையாளின் மகன் மண்ணில் குச்சியால் எண்களை எழுதிப் பார்த்திருந்தால், அவன் நோட்டுப் புத்தகத்தை எந்த டெபுடி கலெக்டர் திறந்திருப்பார்? அவனுக்கு நோட்டுப் புத்தகமே ஏது? செறிவூட்டல் என்று இன்று விற்கப்படுவதும் இந்தக் கவனிப்பைத்தான். தோற்றாலும் திறந்து பார்க்க ஒரு ஆள்.

கணக்கை வேலியாக நட்டு ஆட்களை வெளியே நிறுத்துவது இங்கே மட்டும் நடந்த காரியமில்லை. சோசலிச மாஸ்கோவிலும் நடந்தது. எழுபதுகளில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு விண்ணப்பித்த யூத மாணவர்களை வாய்மொழித் தேர்வில் தனியாகப் பிரித்து, யாராலும் லேசில் போட முடியாத கணக்குகளைக் கொடுத்துத் தோற்கடித்தார்கள். அந்தக் கணக்குகளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சவப்பெட்டி’. பெல்லா சுப்போதோவ்ஸ்கயா என்கிற பெண்மணி 1978ல் தன் வீட்டிலேயே அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கினார். பெரிய கணிதவியலாளர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உயர்கணிதம் நடத்தினார்கள். பாடக் குறிப்புகள் நகலெடுக்கப்பட்டன. வந்த பிள்ளைகளுக்கு பெல்லாவே ரொட்டி வெட்டிக் கொடுப்பார். உளவுத்துறை விசாரித்தது. கூட வேலை செய்தவர்கள் சிலர் கைதானார்கள். 1982 செப்டம்பரில் ஒரு இரவு லாரி மோதி அவர் இறந்தார். வீட்டில் தொடங்கிய அந்த வகுப்பிலிருந்து பிற்பாடு உலகம் அறிந்த கணிதவியலாளர்கள் வந்தார்கள்.

கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் நிறையக் கற்றிருக்கிறோம். பாந்தர்கள் என்ற பெயரையே அங்கிருந்துதான் எடுத்தோம். ஆனால் பாப் மோசஸ் பெயரை நம் மேடைகளில் நான் கேட்டதில்லை. 1935ல் ஹார்லெமில் பிறந்தவர். நியூயார்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1961ல் மிசிசிப்பிக்குப் போய்ப் பருத்திக்காட்டுக் குத்தகைக் கூலிகளை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார். அடி வாங்கினார், சிறைக்குப் போனார். அங்கே வாக்குரிமைக்கு வைத்திருந்த வேலி என்ன தெரியுமா? எழுத்தறிவுத் தேர்வு. அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து விளக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தையும் தராமல், பள்ளிக்கூடம் போனவனுக்குத்தான் ஓட்டு என்றார்கள்.

பிற்பாடு தான்சானியாவில் சில வருசங்கள் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மோசஸ் திரும்பினார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தன் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதமே கிடையாது என்று தெரிந்து, தானே போய் நடத்த ஆரம்பித்தார். 1982ல் அது ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’ ஆனது. அன்றைக்கு எழுத்தறிவுத் தேர்வு எப்படி வேலியோ அப்படியே இன்றைக்கு இயற்கணிதம் வேலி, அதைத் தாண்டாத பிள்ளைக்கு இந்தக் கணினி யுகத்தில் குடிமகன் என்கிற இடம் இல்லை என்பது அவர் வாதம். 2021 ஜூலையில் சாகும் வரைக்கும் அதைச் சொன்னார்.

அவர் பாடம் நடத்திய விதத்தை நம் தோழர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போவார். திரும்பி வந்ததும் பயணத்தைப் படமாக வரையச் சொல்வார். பிறகு தங்கள் சொந்தப் பேச்சில், வீட்டில் பேசுகிற மாதிரியே, எழுதச் சொல்வார். அதைச் சனங்களின் பேச்சு என்றே பெயர் சொல்லி மதித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சைச் சீராக்கி, எத்தனை நிறுத்தம், எந்தத் திசையில் என்று இரண்டு கேள்வியாக்கி, கடைசியில் குறியீட்டுக்கு வருவார். குறை எண் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யாமலே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்: ஏறிய இடத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று நிறுத்தம். நம் பிள்ளைக்குச் சுரங்க ரயில் வேண்டாம், டவுன் பஸ் போதும். பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று திருத்தாமல் அதிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம் என்றால், நம் மொழி அரசியலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது நம் மாலைப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இயக்கங்கள் ஊருக்கு ஊர் நடத்துகின்றன, மனசார மதிக்கிறேன். அங்கே கணக்கென்றால் என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்பில் 35 எடுக்க எந்தெந்தக் கேள்வி. வரைபடக் கணக்கு ஒன்று, செய்முறை வடிவியல் ஒன்று, பிறகு ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம். தேறாவிட்டால் பிள்ளை செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விடும் என்கிற பயம் நியாயமானது. ஆனால் ‘நம்ம புள்ளைக்கு இது போதும்’ என்று எவன் முதலில் சொன்னான் என்று யோசியுங்கள். அது நம் சொல் இல்லை. நமக்காக அவர்கள் வைத்திருந்த அளவு அது. சின்ன மரக்கால்.

எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் பதினாலு பிள்ளைகள் வருகிறார்கள். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற நம் தோழர் ஒருவர் சென்னையிலிருந்து வீடியோவில் பேசுவார். ஒரே ஒரு போன், அதைச் செம்பில் சாய்த்து வைத்திருப்போம். ஏப்ரல் 14க்குப் பாட்டுப் போட வாங்கிய ஸ்பீக்கரை அதோடு இணைத்திருக்கிறோம். நாங்களும் இணைய வகுப்புத்தான் நடத்துகிறோம், கட்டணம் ஒரு டீ. ஒரு சனிக்கிழமை அவர் ஒரு கணக்குக் கொடுத்தார். தரையில் எட்டுக்கு எட்டு, 64 கட்டம், சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக. இரண்டு கட்டத்துக்குச் சரியாக வருகிற அட்டைத் துண்டுகளால் பலகையை மூட வேண்டும். 32 துண்டு. இது சுலபம், ஐந்து நிமிசத்தில் முடித்துவிட்டார்கள். அப்புறம் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டையும் அடித்துவிட்டார். மிச்சம் 62 கட்டம், 31 துண்டு. மூடு பார்ப்போம் என்றார்.

முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தார்கள். ஒரு பையன் எரிச்சலாகி, ‘விடை தெரிஞ்சா சொல்லிருங்கண்ணே, எழுதிக்கிறோம்’ என்றான். ‘எனக்கு ஒண்ணும் அவசரமில்லடா’ என்றது ஸ்பீக்கர். நான் போனை மிதித்துவிடாமல் பார்த்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அப்பா டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போகிற ஒரு பெண், ஆறாம் வகுப்பு, கலைத்துக் கலைத்து வைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: ‘எப்படி வச்சாலும் கடைசில மிஞ்சுறது ரெண்டும் வெள்ளையாவே இருக்குண்ணே.’ கூடம் அமைதியாகிவிட்டது. அவளே விரலால் எண்ண ஆரம்பித்தாள். அடித்த மூலை இரண்டும் கறுப்பு. அப்படியென்றால் கறுப்பு 30, வெள்ளை 32. ‘ஒரு அட்டை வச்சா ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் திங்கும். கறுப்பு தீந்துபோச்சுன்னா வெள்ளைக்கு ஜோடி ஏது? முடியவே முடியாதுண்ணே, யாரு வந்தாலும் முடியாது.’

யாரு வந்தாலும் முடியாது. பதினோரு வயதுச் சேரிப் பெண்ணின் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிரூபணம் என்பது அதுதான். கலெக்டர் வந்தாலும், கர்ணம் வந்தாலும், சங்கராச்சாரியார் வந்தாலும் அவள் சொன்னதை மாற்ற முடியாது. நம் வாழ்க்கையில் வேறெந்த இடத்தில் நம் சொல்லுக்கு அந்த உறுதி கிடைத்திருக்கிறது?

இது மேட்டுக்குடி வித்தை, இதைப் படித்தவன் ஐ.ஐ.டி.க்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு காலனிப் பக்கமே வரமாட்டான் என்று சிலர் சொல்கிறார்கள். சிலர் வரமாட்டார்கள்தான். போகட்டும், அவர்களும் நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் அதற்கும் மோசஸ் கூட்டத்தார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1996ல் அந்த மாணவர்களே தொடங்கிய ‘யங் பீப்பிள்ஸ் புராஜெக்ட்’ அமைப்பில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தங்களுக்கு இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கற்றவன் உடனே கற்பிக்கிறவனாகிவிட்டால் அவன் ஊரைவிட்டு ஓட நேரமேது?

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ என்று வரிசையாகக் கணினிகளை வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு மேல் அதற்குப் பூட்டு. அந்தப் பூட்டை ஏழு மணி வரை திறந்துவை என்று கேட்போம். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் மாலை வேளையில் பிள்ளைகள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இணைய இணைப்பும், பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியரும், தமிழில் செறிவூட்டல் வகுப்பும் கொடு என்று கேட்போம். ஆயிரம் பிள்ளைக்கு ஒரே வீடியோவைப் போட்டுவிட்டு இணையக் கல்வி கொடுத்தாகிவிட்டது என்று கணக்குக் காட்ட விடக்கூடாது. வீடியோ ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்காது. துணைத்திட்ட நிதியை வேறு வேலைக்குத் திருப்பத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒதுக்கவும் தெரியும்.

அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இதை வாசிக்கிற மாணவத் தோழர்களே, பொறியியல், கணிதம், இயற்பியல் படிக்கிறவர்கள் உங்களில் நூறு பேராவது இருப்பீர்கள். வாரம் ஒரு மணி நேரம். ஒரு போன், ஆறு பிள்ளைகள் போதும். ஊருக்குப் போக முடியாதவர்கள் விடுதியிலிருந்தே செய்யலாம். விடையைச் சொல்லிவிடாத பொறுமை ஒன்றுதான் தகுதி. அது கஷ்டம் என்று எங்கள் தோழர் சொல்கிறார்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்தைக் கணக்குக்கு ஒதுக்குகிறோம். கவிதைப் பக்கம் குறையும், கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. முதல் கேள்வியை எங்கள் கூடத்துப் பையன் ஒருவனே கொடுத்துவிட்டான், அன்றைக்கு ‘எழுதிக்கிறோம்’ என்றானே, அவன்தான். ‘ரெண்டும் கறுப்பா வெட்டுனா முடியாது, சரி. ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையுமா எங்க வேணாலும் வெட்டுனா? எப்பவும் மூடிற முடியுமா, இல்ல சில நேரம் முடியாதா?’ மூன்று சனிக்கிழமையாக அதில்தான் கிடக்கிறார்கள். தோழருக்கு விடை தெரியும், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். உங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். விடையை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். எப்படி யோசித்தார்கள், எங்கே மாட்டினார்கள் என்பதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, போட்ட படத்தையும் சேர்த்து, மாதக் கடைசிக்குள் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்.